இரவல் எண்ணெய்

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை ஆராதனை நடக்கும். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றில், எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் பெரியவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான், எனக்கும் அப்படியே.

"தம்பி, நாளைக்கு நான் நற்கருணை எடுக்கப் போறதில்ல. நாளைக்கு மட்டுமில்ல, இனிமே எடுக்கதாவே இல்ல" என்றார்.

நான் திடுக்கிட்டுப் போனேன். பக்தியிலே குறைந்தவர் அல்ல அவர். விடியற்காலையில் அவர் வீட்டு ஜன்னல் வழியாக ஜெபச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெருவில் பல பேர் விழித்துக்கொள்வார்கள். அவரிடம் உள்ள குறை ஒன்றே ஒன்று, கோபம். அதுவும் ஊரார் மேல் அல்ல, வீட்டுக்காரி மேல். கை நீட்டுகிற மனிதர் அல்ல. ஆனால் காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்பதற்காக, முப்பத்தைந்து வருஷம் தன்னோடு வாழ்ந்தவளின் பிறந்த வீட்டையும் வளர்ந்த விதத்தையும் இழுத்துப் பேசுகிற நாக்கு அது. அடித்த அடியாவது ஆறும்.

"முப்பது வருஷமா மாசா மாசம் முழங்கால்ல நிக்கேன். இனிமே கோவப்பட மாட்டேன் ஆண்டவரேன்னு சொல்லுதேன். திங்கக்கிழமை பழையபடி கத்துதேன். கணக்குப் பாத்தேன் தம்பி. முந்நூத்தி அறுபது தடவை ஆச்சு. முந்நூத்தி அறுபது தடவை பொய்ப் பத்திரம் எழுதிக் குடுத்தவனுக்கு எந்த பாங்கிலயாவது கடன் குடுப்பானா? இது பக்தி இல்ல, பித்தலாட்டம். நிறுத்திக்கிடுதேன். அதாவது நாணயமா இருக்கும்."

இதுவரைக்கும் அவர் பேசியது என் நெஞ்சைத் தொட்டது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. கோயிலில் ஐயர் பிரசங்கத்தில் சத்து இல்லை என்றார். அந்தக் காலத்து உபதேசியார்கள் மாதிரி இப்போது யாரும் இல்லை என்றார். வீட்டில் அவள் எதிர்த்துப் பேசாமல் இருந்தால் தமக்கு ஏன் கோபம் வருகிறது என்று கேட்டார். கடைசியில், மாற்றுவதாக வாக்குக் கொடுத்தவர் கடவுள், அவர் மாற்றவில்லையே, அதற்கு நான் என்ன செய்ய என்று முடித்தார். ஒரே மூச்சில், ஒரே மனிதரிடத்தில், நாணயத்தில் தொடங்கின பேச்சு பழி சுமத்துவதில் வந்து நின்றுவிட்டது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் சுட்டிக் காட்டவில்லை. 'யோசித்துச் சொல்லுகிறேன், அண்ணாச்சி' என்று அனுப்பிவைத்தேன்.

யோசிக்க வேண்டியிருந்தது உண்மை. ஏனென்றால் அவருடைய கேள்வி எனக்கும் உரியது. என் அலமாரியில் பன்னிரண்டு டைரிகள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும், பத்திரிகையைத் தொடுவதற்கு முன்னால் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பது என்ற தீர்மானம் பன்னிரண்டிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. பன்னிரண்டு தடவை எழுத வேண்டி வந்தது என்பதே, அந்தத் தீர்மானம் ஒவ்வொரு வருஷமும் என்ன கதி அடைந்தது என்பதைச் சொல்லிவிடும்.

இந்த விஷயத்தில் கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் கொஞ்சம் குற்றவாளிகள் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. குடிகாரக் கணவன் ஒருவனைப் படைக்கிறோம். பதினெட்டாம் அத்தியாயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. மழை பெய்கிறது. அவன் ஒரு ராத்திரி முழுதும் அழுகிறான். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவன் புது மனிதன். வாசகர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறார்கள். இருபதாம் அத்தியாயத்துக்கு அப்புறம், அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் சாராயக் கடையைத் தாண்டி எப்படி நடந்து போனான் என்பதை எழுத எங்களுக்குத் தைரியம் வருவதில்லை. ஒரே நாளில் மாறினவர் என்று எல்லாரும் உதாரணம் காட்டுகிற பவுலைப் பாருங்கள். தமஸ்குவுக்குப் போகிற வழியில் அவர் கீழே விழுந்தது ஒரு நொடியில் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அரபி தேசத்துக்குப் போனதையும், மூன்று வருஷம் கழித்துத்தான் எருசலேமுக்கு வந்ததையும் அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி யாரும் சித்திரம் எழுதுவதில்லை. விழுந்த நொடிக்குத்தான் சித்திரங்கள்.

அன்றிரவு எனக்கு நினைவு வந்தவர் ஓர் இங்கிலீஷ்காரர், சாமுவேல் ஜான்ஸன். 1755-ல் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்டுப் புகழ் பெற்றவர். அவர் எழுதியவற்றுள் அச்சுக்காக எழுதாத ஒரு புத்தகம் உண்டு. தம்முடைய பிறந்த நாள், புது வருஷம், ஈஸ்டர் போன்ற நாட்களில் தமக்காகவும் கடவுளுக்காகவும் எழுதி வைத்த ஜெபங்களும் குறிப்புகளும். 1784-ல் அவர் இறந்தபின், அடுத்த வருஷம் அது வெளிவந்தது. இலக்கிய உலகத்தையே நாக்கால் ஆட்டிவைத்த மனிதர், அதில் ஒரு பள்ளிக்கூடப் பையனைப்போலத் தலை குனிந்து நிற்கிறார். சீக்கிரம் எழுந்திருப்பேன், சோம்பலை விடுவேன், வேதத்தை ஒழுங்காக வாசிப்பேன், கோயிலுக்குத் தவறாமல் போவேன். வருஷத்துக்கு வருஷம் இதே தீர்மானங்கள், வருஷத்துக்கு வருஷம் இதே தோல்விகள். 1764-ல் தம் ஐம்பத்தைந்தாவது பிறந்த நாளில், பிறந்தது முதல் இதுவரை தீர்மானம் செய்வதிலேயே காலம் போயிற்று, செய்தது ஒன்றுமில்லை என்ற கருத்தில் எழுதி வைக்கிறார்.

மறு வருஷம் ஈஸ்டரில் அவர் எழுதிய தீர்மானம் எனக்கு மிகவும் பிடித்தது. இனிமேல் காலை எட்டு மணிக்கு எழுந்திருக்கப் போகிறாராம். எட்டு மணி அதிகாலை அல்ல என்பது அவருக்கும் தெரிகிறது. ஆனால் பகல் இரண்டு மணி வரைக்கும் படுத்துக் கிடக்கிற தமக்கு அது எவ்வளவோ மேல் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் வேறொன்று தோன்றும். நாலு மணிக்கு எழுந்து ரிஷியாகப் போகிறேன் என்று எழுதுவது சுலபம். என் டைரிகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எட்டு மணி என்று எழுதுவதற்கு, தான் கிடக்கிற இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1775-ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமையில், எங்கள் அண்ணாச்சி கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டுக்கொள்கிறார்: இத்தனை தடவை உடைந்துபோன பின்னும் ஏன் மறுபடியும் தீர்மானம் செய்கிறேன்? அவர் கண்ட விடையின் சாரம் இது. திருந்தித்தான் ஆக வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. முடியாது என்று கைவிடுவதோ அதைவிடப் பெரிய குற்றம்.

அவர் காலத்திலேயே வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் பதின்மூன்று நற்குணங்களுக்குப் பட்டியல் போட்டு, சிறு நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் வரைந்து, தவறின நாளிலெல்லாம் கரும்புள்ளி வைத்தவர். வாரத்துக்கு ஒரு குணமாகப் பதின்மூன்று வாரம். வருஷத்துக்கு நாலு சுற்று. ஒழுங்கு என்ற குணம் மட்டும் அவருக்கு வசப்படவே இல்லை. அதைச் சொல்லும்போது ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கோடாலி வாங்கினான். அதன் முனையைப்போல மேற்பரப்பு முழுவதும் பளபளக்க வேண்டும் என்று கொல்லனிடம் கேட்டான். சாணைச் சக்கரத்தை நீ சுற்றினால் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோய், இருக்கிறபடியே கொடு என்றான் இவன். இன்னும் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, சுற்று என்றான் கொல்லன். பரவாயில்லை, எனக்குப் புள்ளிக் கோடாலிதான் பிடிக்கும் என்றானாம்.

பிராங்க்ளின் கெட்டிக்காரர், தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கத் தெரிந்தவர். ஜான்ஸனும் கடைசி வரை புள்ளிக் கோடாலிதான். ஆனால் புள்ளிக் கோடாலிதான் எனக்குப் பிடிக்கும் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சக்கரத்தின் பிடியை விடவும் இல்லை. வேஷதாரிக்கும், விழுந்து விழுந்து எழுகிறவனுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அண்ணாச்சி கேட்டால், அங்கேதான் என்பேன். வேஷதாரி கணக்கை மறைக்கிறான். விழுந்தவன் அதைக் கொண்டுபோய் விரித்து வைக்கிறான். முந்நூற்று அறுபது தடவை விரித்து வைத்தவரைப் பித்தலாட்டக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சரி, முயற்சி செய்ய வேண்டியவன் மனிதன் என்றால், மாற்றுகிறவர் கடவுள் என்பது என்ன ஆயிற்று? இது புதுக் கேள்வி அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியுஸ் என்பவர், மனிதன் மனம் வைத்தால் பாவம் இல்லாமலே வாழ முடியும் என்று போதித்தார். அகஸ்டின் அவரை மறுத்து, கிருபை இல்லாமல் மனிதனால் ஆகிறது ஒன்றுமில்லை என்று வாதாடினார். 418-ல் கார்த்தேஜில் கூடின சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளிவிட்டது. அதனாலே, கிருபை இருக்கிறது, நாம் சும்மா இருக்கலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. கிருபையைப் பற்றி அவ்வளவு வலியுறுத்திப் பேசிய லுத்தர், 1517-ல் எழுதிய தொண்ணூற்றைந்து வாசகங்களில் முதல் வாசகமே, மனந்திரும்புதல் என்பது ஒரு நாள் சடங்கு அல்ல, விசுவாசியின் ஆயுள் முழுவதற்குமான வேலை என்பதைத்தான் சொல்கிறது. இதை நம் ஜனங்கள் அதிகமாக நினைவுகூர்வதில்லை.

இந்தச் சிக்கலை நான் வேத சாஸ்திரிகளைப்போல அவிழ்க்க முடியாது. ஆனால் நம் தாமிரபரணிக் கரை விவசாயிக்கு இது ஒரு சிக்கலே அல்ல. இயேசு சொன்ன ஓர் உவமையில் ஒருவன் விதைக்கிறான், தூங்குகிறான், விழிக்கிறான், எப்படி என்று அவனுக்கே தெரியாமல் பயிர் முளைத்து வளர்கிறது. நாற்றைப் பிடித்து இழுத்து எவனும் நெல்லை உயரமாக்க முடியாது. அதற்காக உழாமல், நீர் பாய்ச்சாமல், களை எடுக்காமல் வீட்டில் படுத்திருந்துவிட்டு, கடவுள் விளைவிக்கவில்லை என்று புகார் சொல்கிற விவசாயியையும் நான் கண்டதில்லை. வளர்ச்சி நம்முடையது அல்ல. களை எடுப்பது நம்முடையது. அண்ணாச்சி இரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தார். வளர்ச்சியைத் தாமே அளந்து பார்த்து இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். களை எடுக்கிற வேலையைக் கடவுளிடமும் ஐயரிடமும் மனைவியிடமும் ஒப்படைத்துவிட்டார்.

பத்துக் கன்னியர் கதையை ஞாயிறு பள்ளியில் படித்தபோது எனக்குப் புத்தியுள்ள ஐந்து பேர் மேல் கோபம். தங்களிடம் எண்ணெய் இருக்கிறது, கேட்கிறவர்கள் தோழிகள். கொஞ்சம் ஊற்றினால் என்ன என்று தோன்றும். அக்கம்பக்கத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் இரவல் கொடுத்து வாங்கிப் பழகின வீடு எங்களுடையது. அவர்கள் கருமித்தனத்தால் மறுக்கவில்லை, கொடுக்க முடியாத எண்ணெய் அது, என்பது வெகு நாள் கழித்துத்தான் விளங்கிற்று. ஐயர் பிரசங்கம் நன்றாயிருந்தால், அது அவர் விளக்கு. அண்ணாச்சியின் அம்மா ஜெப வீராங்கனை என்று ஊரெல்லாம் சொல்லுவார்கள். அது அந்த அம்மாளின் விளக்கு. மனைவி ஐம்பது வருஷம் பொறுமையாக இருந்தாலும் அவளுடைய பொறுமை அவர் கணக்கில் வரவாகாது. விளக்கைப் பக்கத்தில் பிடித்து வழி காட்டலாம். எண்ணெயை மாற்றி ஊற்ற முடியாது.

இரவல் வாங்க முடியாதது மட்டும் அல்ல, சேர்த்து வைக்கவும் முடியாது போலிருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவை விடியற்காலையில் ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்குப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கென்று எடுத்து வைத்தது புழுத்து நாறிற்று. ஓய்வு நாளுக்கு முந்தின தினம் சேர்த்தது மட்டுமே கெடாமல் இருந்தது. அவர்களுக்கு ஏன் ஒரு வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாகக் கொட்டவில்லை என்று கேட்கலாம். கொட்டியிருந்தால் மறு வருஷம் வரை எவனும் கூடாரத்தை விட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்திருக்க மாட்டான். என் ஜனவரித் தீர்மானங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். முந்நூற்று அறுபத்தைந்து நாளைக்கு வேண்டிய பக்தியை ஒரே ராத்திரியில், புது வருஷ ஆராதனையின் உருக்கத்தில் வாரிக்கொண்டு வந்து வைத்தேன். பத்தாம் தேதிக்குள் புழுத்துவிட்டது. முதல் பக்கத்துத் தீர்மானம் பொய் அல்ல. அது பழைய மன்னா, அவ்வளவுதான்.

ஜான்ஸனிடம் திரும்பி வருகிறேன். ஒன்றும் வளரவில்லை என்று எழுதினாரே, அது உண்மைதானா? அவர் வீட்டில் குடியிருந்தவர்கள் யார் என்று பார்த்தால் வேறு கதை தெரிகிறது. கண் தெரியாத அன்னா வில்லியம்ஸ் என்ற பெண்மணி. ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வந்த, பட்டம் பெறாத ராபர்ட் லெவெட். ஜமேக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர். பார்பரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்ததோடு, தம் சொத்தில் பெரும் பங்கையும் அவருக்கே எழுதி வைத்தார். தெருவில் சக்தியற்று விழுந்து கிடந்த ஓர் அபலைப் பெண்ணை ஒரு ராத்திரி முதுகிலே சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தேறும் வரை பராமரித்ததை பாஸ்வெல் எழுதியிருக்கிறார். ஹாட்ஜ் என்ற பூனைக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குப் போவாராம். வேலைக்காரர்களை அனுப்பினால் அவர்கள் எரிச்சலைப் பூனை மேல் காட்டிவிடுவார்களே என்ற கவலை. இதெல்லாம் அவருடைய தீர்மானப் பட்டியலில் இல்லை. எழுந்திருக்கிற நேரத்தை அளந்து அளந்து அவர் தம்மைச் சோம்பேறி என்று தீர்த்துக்கொண்டிருந்தார். பயிர் வேறு வயலில் விளைந்துகொண்டிருந்தது.

அவருடைய தகப்பனார் லிச்ஃபீல்ட் நகரத்தில் புத்தக வியாபாரி. உட்டாக்ஸிட்டர் சந்தையில் கடை போடுவார். இளமையில் ஒரு தடவை, தம்மோடு சந்தைக்கு வரச் சொல்லித் தகப்பனார் கேட்டதற்கு, கௌரவம் இடம் கொடுக்காமல் மகன் மறுத்துவிட்டார். தகப்பனார் 1731-ல் இறந்து போனார். கிழவரான பிறகு ஒரு நாள் ஜான்ஸன் அந்தச் சந்தைக்குப் போய், தகப்பனாரின் கடை இருந்த இடத்தில், கொட்டுகிற மழையில், தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. தகப்பனார் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பழியைச் சுமத்த எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்: வறுமை, வயசு, உடம்பு. அவர் ஒருவர் மேலும் சுமத்தவில்லை. பொறுப்பு என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அந்த மழைதான்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். மதினி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி நற்கருணை எடுக்க மாட்டேன்னு சொல்லுதாரே, மதினி?"

"எங்கிட்டயும் சொன்னாக. என் கோவம் மாறவே இல்லட்டின்னு அழுதாக." சுளகைக் கீழே வைத்தாள். "மாறலன்னு எப்பிடித் தம்பி சொல்ல? முன்னெல்லாம் ஒரு சத்தம் போட்டாகன்னா மூணு நாளைக்கு மூஞ்சியப் பாக்க மாட்டாக. இப்ப அரை மணி நேரந்தான். அடுப்பங்கரை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, சாப்பிட்டியான்னு கேக்காக. அது அவுகளுக்குத் தெரியாது போல."

மூன்று நாள் அரை மணி நேரமாகியிருக்கிறது. முந்நூற்று அறுபது தடவை முழங்காலில் நின்றவருக்கு அது தெரியாது. அளவுகோல் அவர் கையில் இல்லை. அடி வாங்கினவள் கையில் இருந்தது.

அண்ணாச்சி வந்ததும் அவரைத் திண்ணைக்கு அழைத்துப் போனேன். ஜான்ஸனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணாச்சி, நீங்க கணக்கு வாத்தியார். சகோதரனை எத்தனை தரம் மன்னிக்கன்னு பேதுரு கேட்டதுக்கு என்ன பதில்? ஏழெழுபது. நானூத்தித் தொண்ணூறு. உங்க கணக்குப்படியே இன்னும் நூத்தி முப்பது பாக்கி இருக்கே" என்றேன். அந்த எண் கணக்குப் பார்க்கச் சொன்ன எண் அல்ல என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் சிரித்துவிட்டார்.

பிறகு மதினி சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை. வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"அவ அங்க உக்காந்து காத்துக்கிட்டிருந்தா, அரை மணி நேரமும் நீளந்தானே தம்பி."

ஐயரைப் பற்றியும் பேச்சு இல்லை, கடவுளைப் பற்றியும் பேச்சு இல்லை. எழுந்து வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான பெஞ்சில், தூண் ஓரமாக அவர் முழங்காலில் நின்றதைப் பார்த்தேன். கோபம் போய்விட்டதா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். முந்தாநாள்கூட அவர் வீட்டில் சத்தம் கேட்டது. எத்தனை நிமிஷத்தில் அடங்கிற்று என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. அது என் விளக்கு அல்ல. என் மேஜையில் பதின்மூன்றாவது டைரி கிடக்கிறது. அதில் முதல் பக்கத்தை எழுதாமல் விட்டுவிட்டு, இன்றைய தேதியில் மட்டும் ஒரு வரி எழுதினேன்.